இருபத்திரண்டு தாண்டல்கள்

வணக்கம் ஐயா,

என் குதிரைக்கு நான்கரை வயது. பயிற்சியில் 90 சென்டிமீட்டர் வரை தயங்காமல் தாண்டுவான். போன ஞாயிறு அவனுக்கு முதல் போட்டி. உள்ளூர்ப் போட்டிதான், 80 சென்டிமீட்டர் பிரிவு. வார்ம்-அப் களத்தில் இருபத்திரண்டு முறை தாண்டினோம், ஒன்றில்கூட நிற்கவில்லை. கடைசியில் ஒரு மீட்டர்கூடத் தாண்டினான். உள்ளே போனதும் முதல் தடை சுலபமாகப் போய்விட்டது. அங்கிருந்து திரும்பி, வாசலுக்கு முதுகைக் காட்டிப் போகவேண்டிய இரண்டாவது தடையில் நின்றுவிட்டான். நீலப் பலகை வைத்த தடை அது. சாட்டையால் அடித்தும் பார்த்தேன். மூன்றாவது முறை நின்றதும் மணி அடித்து வெளியேற்றிவிட்டார்கள்.

லாயத்தில் ஒருவர் கடிவாளத்தை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் காலணியின் குதிகாலில் குதிமுள் போடச் சொல்கிறார். மூன்று வாரத்தில் அடுத்த போட்டி. எந்தக் கடிவாளம் சரியாக இருக்கும்? மறுபடி 80லேயே இறங்கலாமா? அவன் என்னை ஏமாற்றுகிறானா?

க.

அன்புள்ள க.,

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று கேள்விகள். பதில் அவற்றில் இல்லை, பெருமையாக எழுதிக் கடந்துபோன ஒரு வரியில் இருக்கிறது. இளம் குதிரைகளின் வார்ம்-அப் பற்றி எழுதவேண்டும் என்று வெகுநாளாக எண்ணிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் அதற்கு வழிசெய்துவிட்டது.

முதலில் கடிவாளம். மாற்றாதீர்கள். முன்னால் போக மறுக்கும் குதிரைக்குக் கடுமையான இரும்பை வாயில் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. அவன் இப்போது போட்டிருக்கும் ஸ்னாஃபிள் என்ற மென்மையான, சாதாரணக் கடிவாளமே போதும். அதைவிட முக்கியம், பல்லைப் பார்த்தீர்களா? இரண்டரை வயதுக்கும் ஐந்து வயதுக்கும் நடுவில் குதிரைக்கு 24 பால் பற்கள் விழுந்து முளைக்கின்றன. ஓரத்து வெட்டுப்பற்கள் விழுவது சரியாக நான்கரை வயதையொட்டித்தான். அடுத்த போட்டிக்கு முன் குதிரைப் பல் தெரிந்த மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். குதிமுள்ளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஏமாற்றுகிறானா என்று கேட்கிறீர்கள். இல்லை. அந்தக் கேள்வியை இனி அவன் முதுகில் உட்கார்ந்துகொண்டு நினைக்கக்கூட நினைக்காதீர்கள்.

இப்போது அந்த இருபத்திரண்டு தாண்டல்கள். உள்ளூர்ப் போட்டியில் ஒரு சுற்றுக்கு எட்டிலிருந்து பத்து தடை இருக்கும். 350 மீட்டர் தூரத்தை நிமிடத்துக்கு 325 மீட்டர் வேகத்தில் போனால் 65 நொடியில் முடிந்துவிடும். தொடக்க மணி அடிப்பதற்கு முன்பே நீங்கள் அவனை இரண்டு சுற்றுக்கு மேல் தாண்டவைத்துவிட்டீர்கள். அவன் உள்ளே வந்தது மூன்றாவது சுற்றுக்கு. முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் ஐந்து வயது தாண்டியும் முழுதாக மூடாத ஒரு குட்டியை, அன்று காலைவரை அவன் கண்டிராத ஒரு மைதானத்தில்!

களைப்பு ஒரு பக்கம். அதைவிட அவன் அங்கே என்ன கற்றுக்கொண்டான் என்று பாருங்கள். வார்ம்-அப் களத்தில் இருப்பவை இரண்டே தடைகள், கம்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக நேராக அடுக்கிய ஒரு வெர்ட்டிகல், முன்கம்பும் பின்கம்புமாக அகலம் வைத்த ஒரு ஆக்ஸர். ஒரே தடையைப் பதினொரு முறை தாண்டினால் அது பதினொரு தடை ஆகாது, ஒரே தடைதான். அலங்காரம் இல்லாத வெறும் கம்புகள், சுற்றிலும் பத்துக் குதிரைகள். கூட்டத்தோடு இருந்தால் தாண்டவேண்டும் என்பதை அவன் நன்றாகப் படித்துக்கொண்டான். பிறகு அவனைத் தனியாகப் பிரித்து, பலகையும் பூந்தொட்டியும் வைத்த புதிய களத்தில் விட்டீர்கள். முதல் தடைக்குப் போனான். இரண்டாவது தடைக்குத் திரும்பியபோது மற்றக் குதிரைகள் நின்ற வாசல் அவனுக்குப் பின்னால் போய்விட்டது. மந்தை விலங்கு அங்கே தயங்காமல் வேறு எங்கே தயங்கும்?

நீல நிறமும் சேர்ந்துகொண்டது. குதிரையின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் தெளிவாகப் பிரிந்து தெரிவதில்லை. நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். வெறும் கம்பையே பார்த்துப் பழகியவனுக்கு அந்தப் பலகை திடீரென்று எழுந்து நிற்பதுபோல் இருந்திருக்கும். போதாததற்கு நீங்கள் பதற்றத்தில் வாரை இழுத்துப் பிடித்திருப்பீர்கள். மோவாய் மார்பை நோக்கி இழுக்கப்பட்ட குதிரையால் தூரத்துத் தடையைச் சரியாகப் பார்க்க முடியாது. தலையைத் தூக்கிப் பார்க்க அவனுக்கு இடம் வேண்டும்.

கோபமாகவே சொல்கிறேன். அந்தத் தாண்டல்களில் ஏழுக்கு மேல் எதுவுமே அவனுக்காக இல்லை. உங்கள் நெஞ்சு படபடத்தது. ஒவ்வொரு தாண்டலும் உங்களுக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது. அந்தத் தைரியத்துக்கான விலையை அவன் கால்கள் கட்டின. கடைசியில் ஒரு மீட்டர் எதற்கு? 80 சென்டிமீட்டர் பிரிவில் இறங்கும் குதிரைக்கு வெளியே ஒரு மீட்டர் வைத்தவர் யாராக இருந்தாலும் அவரை அடுத்த முறை கம்புப் பக்கமே விடாதீர்கள். ‘உயரத்தைக் காட்டினால் உள்ளே கவனமாக இருக்கும்’ என்பார்கள். இளம் குதிரையிடம் அது பயத்தைத்தான் ஏற்றும்.

சரி, எப்படிச் செய்யவேண்டும்? உங்களுக்கு முன்னால் பதினைந்து பேர் இருக்கும்போது ஏறுங்கள். ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்றால் கையில் அரை மணி நேரம் இருக்கிறது. முதல் பத்து நிமிடம் வாரைத் தளர்த்தி விட்டு நடை மட்டும். இதைத்தான் எல்லாரும் சுருக்குகிறார்கள், சுருக்கவே கூடாதது இதுதான். தசையும் மூட்டும் சூடேற அந்த நேரம் வேண்டும். அவன் கண்ணும் காதும் இடத்தை அளந்து முடிக்கவும் வேண்டும். பிறகு இடமாகவும் வலமாகவும் சுற்றி ஐந்து நிமிடம் ட்ராட் என்ற மிதமான ஓட்டம், நான்கு நிமிடம் கேன்டர் என்ற அதைவிட வேகமான ஓட்டம். கேன்டரிலிருந்து ட்ராட், ட்ராட்டிலிருந்து நடை என்று அடிக்கடி மாற்றுங்கள். எதிரே வருபவரோடு இடது கையும் இடது கையும் உரசுவதுபோல் கடந்துபோங்கள். வாலில் பச்சை நாடா கட்டுங்கள், அனுபவமில்லாத குதிரை என்று புரிந்தவர்கள் விலகிப்போவார்கள்.

முன்னால் ஆறு பேர் இருக்கும்போது தாண்ட ஆரம்பியுங்கள். ட்ராட்டில், இரண்டு கம்பை X போல் வைத்த குறுக்குக்கம்பு இரண்டு முறை. கேன்டரில் வெர்ட்டிகல், 60இல் ஒன்று, 70இல் ஒன்று. தரைக்கம்பைத் தடைக்கு முன்னால் ஒரு சாண் தள்ளிப் போடச் சொல்லுங்கள். பின்னால் நகர்ந்துவிட்டால் குதிரை தூரத்தைத் தப்பாகக் கணிக்கும், ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்துவிட்டுப் போங்கள். அடுத்து ஆக்ஸர் இரண்டு முறை, உயரம் 70, அகலம் 60, முன்கம்பு பின்கம்பைவிடத் தாங்கியில் ஒரு துளை கீழே. பின்கம்பு, இடித்தால் கழன்றுவிழும் கப்பில்தான் இருக்கவேண்டும். கடைசியாக 75இல் ஒரு வெர்ட்டிகல். மொத்தம் ஏழு. எப்போதும் சிவப்புக் கொடி உங்கள் வலது பக்கம் இருக்கட்டும்.

ஆறாவதே அழகாக அமைந்துவிட்டால் ஏழாவது வேண்டாம். ஏதாவது ஒன்றில் நின்றால் குறுக்குக்கம்புக்கு இறக்கி, ஒருமுறை அமைதியாகத் தாண்டவைத்து முடியுங்கள். அங்கே சண்டை பிடித்து எதையும் ஜெயிக்க முடியாது. முன்னால் இரண்டு பேர் மிச்சமிருக்கும்போது தாண்டுவதை நிறுத்திவிட்டு நடக்கவிடுங்கள். அவன் மூச்சு அடங்கட்டும், உங்கள் மூச்சும்.

உள்ளே போனதும் வணக்கம் சொல்லிவிட்டு, மணி அடித்த பிறகு இருக்கும் நேரத்தை வீணாக்காதீர்கள். சர்வதேச விதியில் அது 45 நொடி, உள்ளூரில் எவ்வளவு என்று முன்பே கேட்டுவையுங்கள். அந்த நேரத்தில் வாசலிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் மூலைவரை கேன்டரில் போய்த் திரும்புங்கள். அதற்காகத் தொடக்கக் கோட்டை மட்டும் தாண்டிவிடாதீர்கள். தடைகளுக்கு நடுவில் ஐந்து ஸ்ட்ரைட், அதாவது கேன்டரில் ஐந்து எட்டு, அளவு வைத்திருந்து அவன் ஆறு போட்டால் போடட்டும், துரத்தாதீர்கள். அவன் கழுத்தில் ஒரு வார் கட்டிக்கொள்ளுங்கள். தரையிறங்கும்போது தடுமாறினால் அதைப் பிடியுங்கள், அவன் வாயைப் பிடித்துத் தொங்காதீர்கள்.

நின்றால் அடிக்கவேண்டாம். நின்று சில நொடி கழித்து விழும் அடியை அவன் தடையோடு சேர்த்துத்தான் நினைவில் வைப்பான், அப்புறம் அந்தத் தடையே வலிக்கும் இடமாகிவிடும். இடது பக்கம் விலகினால் வலது பக்கமாகத் திருப்பிக் கொண்டுவாருங்கள். மணி அடித்து வெளியேற்றினாலும், விழாமல் இருந்தால், ஒரே ஒரு தடையை ஒரே ஒருமுறை தாண்ட முயல்வதற்குப் பல விதிகள் இடம் தருகின்றன. நடுவரிடம் கேட்டுக்கொண்டு, வாசல் பக்கமாகப் பார்க்கும் மிகச் சிறிய தடையைத் தேர்ந்தெடுங்கள். அவன் தாண்டிவிட்டு வெளியே போகட்டும்.

இந்த மூன்று வாரத்தில் வாரம் இரண்டு நாளுக்கு மேல் தாண்டவேண்டாம். உயரம் 60 போதும். நீலப் பலகைகள் இரண்டு செய்துகொள்ளுங்கள். முதல் நாள் தடையின் இரு ஓரங்களிலும் வைத்து நடுவில் இரண்டு மீட்டர் இடைவெளி விடுங்கள். அவன் அதன் வழியாகக் காது விறைக்காமல் போனால் அடுத்த முறை அரை அரை மீட்டராக நெருக்குங்கள். இடைவெளி மூடும் நாளில் உயரத்தை 50க்கு இறக்கிவிடுங்கள். மற்ற நாட்களில் தனியாக, வேறு குதிரை துணை இல்லாமல், நடக்கவும் ட்ராட் போகவும் வெளியே கூட்டிப்போங்கள். அவனுக்கு உண்மையில் குறைவது அந்தத் தனிமைப் பழக்கம்தான்.

80இல் இறங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 60 பிரிவு இருந்தால் அதில் பெயர் கொடுங்கள், மேலே 80க்காகச் சொன்ன வார்ம்-அப் உயரங்களையும் அதற்கேற்ப இறக்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பெயரே கொடுக்காமல் இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய், இறங்கி நின்று, கையில் பிடித்து அந்த இடத்தைச் சுற்றிக் காட்டுங்கள். அவன் குடித்துப் பழகிய தண்ணீரைக் கேனில் கொண்டுபோங்கள். புது இடத்துத் தண்ணீரைப் பல குதிரைகள் முகர்ந்துவிட்டு விட்டுவிடும். தானியம் காலையில் சீக்கிரமே முடியட்டும், உலர்புல் கடைசிவரை முன்னால் இருக்கலாம். மறுநாள் காலையில் நான்கு கால்களையும் கையால் தடவிப் பாருங்கள். எங்காவது சூடோ வீக்கமோ இருந்தால் அந்த வாரம் சேணம் வேண்டாம், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.