மட்டக்களப்பில் எந்தக் கடையில் சாப்பிடலாம் என்று கேட்ட தங்கைக்கு

அடுத்த மாதம் கணவரின் வேலைக்காகக் கும்பகோணத்திலிருந்து மட்டக்களப்புக்குக் குடிவரவிருப்பதாக எழுதி, மூன்று கேள்விகளைக் கேட்டிருந்தீர்கள். வீட்டில் அடுப்பு மூட்டும் வரை எந்தக் கடைகளை நம்பிச் சாப்பிடலாம், இருவர் வெளியே சாப்பிட எவ்வளவு ஆகும், முட்டைகூடச் சேர்க்காத உங்களுக்கு இங்கே என்ன கிடைக்கும் என்பவை அவை. நான் பட்டுக்கோட்டையில் பிறந்து, 2011ஆம் ஆண்டு மணமாகி மட்டக்களப்பின் கல்லடிப் பகுதிக்கு வந்தவள். இதே கேள்விகளோடு வந்திறங்கியபோது எனக்குப் பதில் சொல்ல ஊர்க்காரர் எவரும் அருகில் இருக்கவில்லை. ஆகவே உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் எதிர்பார்க்கும் கடைப் பெயர்களை நான் தரப்போவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே ஒரு கடையின் சுவை அதன் பெயர்ப்பலகையில் இல்லை, சமையற்காரரின் கையில் இருக்கிறது. அந்தக் கை எப்போது வேண்டுமானாலும் கத்தாருக்கோ சவூதிக்கோ போய்விடும். நகரில் நான் மூன்று வருடம் மனமார விரும்பிச் சாப்பிட்ட ஒரு கடையில், ஒரு திங்கட்கிழமை மீன் குழம்பை வாயில் வைத்ததும் ஆள் மாறிவிட்டார் என்று தெரிந்துவிட்டது. பலகை மட்டும் இன்றும் அதேதான். அதனால் எந்தக் கடை என்பதைவிட எந்த நேரம் என்று கேட்பதுதான் இந்த ஊரில் பயன்தரும் கேள்வி. நம் பக்கத்து ஹோட்டலில் காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை தோசைக்கல் சூடாகவே இருக்கும். இங்கே அப்படியில்லை. ஒவ்வொரு கடைக்கும் தனக்கென்று ஒரு நல்ல வேளை உண்டு. அந்த வேளையில் போனால் அமிர்தமாக இருக்கும் உணவு, இரண்டு மணி நேரம் தள்ளிப் போனால் ஆறிப் போய்க் கிடக்கும். நான் வந்த புதிதில் மாலை ஆறு மணிக்குச் சோறு கேட்டும், பகல் பன்னிரண்டுக்கு அப்பம் கேட்டும், கிடைத்ததைத் தின்று இந்த ஊர்ச் சாப்பாடே சரியில்லை என்று அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தேன். அது நியாயமற்ற தீர்ப்பு என்பது புரிய ஓராண்டு ஆயிற்று.

காலையிலும் மாலை நான்கு மணியை ஒட்டியும் தேநீர்க் கடைகளின் வேளை. நீங்கள் அமர்ந்தவுடன், கேட்காமலேயே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பற்றிஸ், கடலை வடை, முக்கோண ரொட்டி எல்லாம் கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள். முதல் வாரம் நகரில் தனியாக ஒரு கடையில் அமர்ந்தபோது என் முன்னாலும் அப்படி ஒரு தட்டு வந்தது. அத்தனைக்கும் காசு கேட்பார்கள் என்று பயந்து, எழுந்து போகவும் முடியாமல், இரண்டு வடையை மட்டும் தின்றுவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பரிமாறிய முதியவர் வந்து தட்டில் மிஞ்சியதை எண்ணிப் பார்த்து, இரண்டு வடைக்கும் ஒரு தேத்தண்ணிக்கும் மட்டும் கணக்குச் சொன்னார். தின்றதற்கு மட்டுமே காசு என்பது இந்த நாடு முழுவதும் உள்ள வழக்கம். அதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்: நீங்கள் தொடாமல் விட்டவை கண்ணாடிப் பெட்டிக்குத் திரும்பி, அடுத்தவரின் மேசைக்குப் போகும். ஆகவே நான் தட்டில் இருப்பதை எடுப்பதில்லை, “சுடச்சுட எது வருகிறது?” என்று கேட்டு, அப்போது எண்ணெயிலிருந்து எடுத்ததை மட்டும் தரச் சொல்வேன். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காமல் உள்ளே போய்ப் பார்த்து வந்து சொல்கிற கடை எனக்கு நல்ல கடை.

மதியச் சோறுதான் இந்த ஊர்ச் சமையலின் உச்சம்; பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரைக்குள் போய்விடுங்கள். இங்கே சில சொற்கள் உங்களைக் குழப்பும். நமக்குக் கறி என்றால் ஆட்டிறைச்சி. இங்கே கறி என்றால் சோற்றோடு சேரும் எந்தக் குழம்பும், பருப்பும் கத்தரிக்காயும் உட்பட. ஆகவே “மூன்று கறி, ஒரு மீன்” என்று பரிமாறுபவர் சொன்னால் பதற வேண்டாம். மரக்கறி என்றால் காய்கறி. “மரக்கறிச் சாப்பாடு” என்று கேட்டால் சைவச் சாப்பாடு வரும். சுண்டல் என்றால் அவித்த கடலையன்று, பொடியாக அரிந்த கீரையைத் தேங்காய்ப்பூவோடு வதக்கியது. முருங்கையிலையில் செய்திருந்தால் விட்டுவிடாதீர்கள். சொதி என்பது தேங்காய்ப்பாலில் செய்த இளமஞ்சள் நிறக் குழம்பு. ரசத்தை எதிர்பார்த்த நாக்குக்கு முதலில் சப்பென்று தோன்றும், ஆனால் வறுத்த தூளில் கறுத்துக் கிடக்கும் காரக் குழம்புகளுக்கு நடுவே அதன் வேலை என்ன என்பது பத்தாவது நாளில் விளங்கும். சோறும் மரக்கறிகளும் பெரும்பாலான கடைகளில் மறுமுறை கேட்டால் போடுவார்கள்; மீனுக்கும் இறைச்சிக்கும்தான் தனிக் காசு.

ஒரு சோற்றுக் கடையை எடைபோட நான் முதலில் பார்ப்பது பருப்பைத்தான். மீனும் இறாலும், வாவி என்னும் காயலும் கடலும் கொடுத்த நல்ல பொருள்கள். அவற்றைக் கெடுக்காமல் விட்டாலே போதும், சுவையாக இருக்கும். பருப்பு அப்படியன்று. தேங்காய்ப்பால் கெட்டியாக விடப்பட்டிருக்கிறதா, தாளிதம் அன்றைக்குச் செய்ததா, நேற்றைய மிச்சத்தில் தண்ணீர் சேர்த்ததா என்பதை முதல் பிசைதலிலேயே அது காட்டிக்கொடுத்துவிடும். விலை குறைந்த அந்தக் கறியில் அக்கறை காட்டுகிறவர் மற்றவற்றிலும் காட்டுவார். இரண்டாவதாகப் பார்ப்பது தட்டு. நீங்கள் தேடும் வாழையிலை இங்கே கடைகளில் அரிது. தட்டின் மேல் மெல்லிய தாள் ஒன்றை விரித்துச் சோறு போடுவார்கள். பொலித்தீன் லஞ்ச் ஷீட்டை அரசு 2017 செப்டம்பரில் தடைசெய்தது. அதன் பிறகும் கொதிக்கும் சோற்றைப் பொலித்தீனில் கொட்டும் கடை இருந்தால், சுவை எப்படியிருந்தாலும் நான் இரண்டாம் முறை போவதில்லை.

இனி உங்களுக்கு மிக முக்கியமான சைவ விஷயம். இங்கே சைவத்துக்கு மறைவான ஓர் இடறுகல் உண்டு. அதன் பெயர் மாசி. உலர்த்திக் காய்ந்த சூரை மீனை இடித்துப் போடும் தூள் அது, இங்குள்ள சமையலில் உப்பைப்போல் இயல்பாகக் கலந்திருக்கிறது. வந்த ஆண்டு, ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை விரதத்தன்று, வெங்காயம் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்த சீனிச்சம்பல் (இனிப்பும் காரமுமான தொக்கு) வைத்த பணிஸ், அதாவது பன், ஒன்றைப் பேக்கரியில் வாங்கித் தின்றேன். வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சுவையைப் புகழ்ந்தபோதுதான், அதில் மாசி இருக்கும் மகள் என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். எவரும் என்னை ஏமாற்றவில்லை; அவர்கள் கணக்கில் அது மீனாகவே எண்ணப்படுவதில்லை. எனவே “மீன் இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள், “மாசி போட்டிருக்கிறதா?” என்றே கேளுங்கள். தேங்காய்ச் சம்பல், கட்டச்சம்பல், சீனிச்சம்பல் மூன்றுக்கும் இதைக் கேட்க வேண்டும். ரொட்டிக் கடைகளில் மரக்கறி ரொட்டியும் முட்டை ரொட்டியும் ஒரே கல்லில்தான் வேகும். அது உங்களுக்கு உடன்பாடில்லை என்றால் நகரிலுள்ள சைவக் கடைகளோடு நின்றுகொள்வது நல்லது. வெள்ளிக்கிழமைகளில் பல வீடுகளில் மரக்கறிதான் என்பதால், அன்று சைவக் கடைகளில் கூட்டமும் கறிகளின் எண்ணிக்கையும் கூடும்; வாரத்தில் ஒருநாள்தான் வெளியே சாப்பிடுவீர்கள் என்றால் அந்த நாளையே தேர்ந்தெடுங்கள். தயிரைப் பற்றிக் கவலையே வேண்டாம். மட்டக்களப்பின் எருமைத் தயிர் மண்சட்டியில் கத்தியால் வெட்டும் பதத்தில் கிடைக்கும். ஆனால் சாப்பாட்டின் முடிவில் தயிர்ச்சோற்றுக்கென்று அதை ஊற்ற மாட்டார்கள்; பாணி எனப்படும் பாகோ சீனியோ சேர்த்து இனிப்பாக உண்பதே வழக்கம். நான் ஒரு சட்டி வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, நம் வழக்கப்படி உப்புப் போட்டுப் பிசைந்துகொள்கிறேன்.

இரவு ஆறரைக்குப் பிறகு இடியப்பம், பிட்டு, அப்பம், கொத்து ரொட்டி. கல்லின் மேல் இரண்டு தகடுகள் மோதும் ஓசை தெருமுனையிலேயே கேட்கும். கொத்து கிழக்கில்தான் பிறந்தது என்று இங்குள்ளவர்கள் உரிமையோடு சொல்வார்கள். உங்களுக்கு முட்டையும் இறைச்சியும் இல்லாமல் கொத்தச் சொல்லலாம். ஆனால் உண்மையைச் சொன்னால், அதற்குப் பதிலாகச் சொதியோடு இடியப்பம் கேட்பதே மேல். இடியப்பம் அன்று மாலை பிழிந்ததா என்பது விரல் பட்டவுடன் தெரியும். ஓரம் விறைத்திருந்தால் திருப்பிக் கொடுக்கத் தயங்காதீர்கள்.

நாட்களையும் கவனிக்க வேண்டும். முஸ்லிம்கள் அதிகம் வாழும் பக்கத்து ஊர்களான காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் பகல் முழுவதும் அப்படித்தான். உங்கள் கணவர் இறைச்சி உண்பவர் என்றால் காத்தான்குடிக்கு ஒருநாள் இரவு கட்டாயம் போகட்டும். அங்கே கடைக்காரரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்று அழைத்தால் மகிழ்வார். மாதந்தோறும் வரும் போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறையில் இறைச்சிக் கடைகள் திறக்காது.

கவனிப்பைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. நம்மூரில் இலை போட்டதும் நான்கு பேர் நான்கு வாளிகளோடு வந்து விடுவார்கள். இங்கே ஒருவர்தான் வருவார், மெதுவாகத்தான் வருவார். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் உங்களிடம் எந்த ஊர், யார் வீடு என்று கேட்பார், இரண்டாம் முறை போனால் நினைவு வைத்திருப்பார், உறைப்புக் கூடாது என்று நீங்கள் சொன்னது மூன்றாம் முறை சொல்லாமலேயே நடக்கும். சின்னத் தேநீர்க் கடைகளில் பெரும்பாலும் ஆண்களே இருப்பார்கள். தனியாகப் போக உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், மேல்மாடியிலோ பின்பக்கமோ குடும்பத்தினருக்கென்று இடம் வைத்திருக்கும் கடைகளை விசாரித்துப் போங்கள். எனக்கு மனம் நொந்தது ஒரே ஓர் இடத்தில். வாவியைப் பார்த்தபடி புதிதாகத் திறந்த ஓர் உணவகத்தில், பட்டியலில் இருந்த விலைக்கும் பில்லில் இருந்த விலைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தது. கேட்டபோது பட்டியல் பழையது என்றார்கள், பேச்சைக் கேட்டு நான் வெளியூர்க்காரி என்று கண்டுகொண்டு குரலையும் உயர்த்தினார்கள். அன்று கொடுத்துவிட்டு வந்தேன். இன்று அப்படி வரமாட்டேன். காட்டிய விலைக்கு மேல் வாங்குவது இந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற எண்ணை அழைத்து முறையிடலாம். சுத்தம் பற்றிய குறை என்றால், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். கடைகளுக்குள் போய்ச் சோதிக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது.

செலவு விஷயத்தில் ஒரே ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு விலையையும் இந்திய ரூபாயாக மாற்றிப் பார்க்காதீர்கள். இலங்கை ரூபாவை ஏறத்தாழ மூன்றரையால் வகுத்துப் பார்த்து, “அட, மலிவு” என்று முதல் மாதம் கைவிட்டுச் செலவழிப்பீர்கள். உங்கள் கணவரின் சம்பளம் இந்த ஊர்ப் பணத்தில்தான் வரப்போகிறது என்பது இரண்டாம் மாதம் தெரியும். சென்ற வாரம் சாதாரணக் கடையொன்றில் மீன் சோற்றுக்கு நான் 450 ரூபா கொடுத்தேன். மரக்கறி மட்டும் என்றால் அதைவிடக் குறையும். அதே சோறு, கடற்கரைப் பக்கத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கான இடத்தில் இரண்டு மூன்று மடங்கு. அங்கே பத்து சதவீதச் சேவைக் கட்டணமும் சில இடங்களில் வற் (வாட்) வரியும் பில்லின் அடியில் சேரும். அந்த வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். சேவைக் கட்டணம் போட்டிருந்தால் தனியாக எதுவும் வைக்க வேண்டியதில்லை. போடாத சின்னக் கடையில் பரிமாறியவருக்கு ஐம்பதோ நூறோ கொடுத்தால் போதும். விலை கூடிவிட்டது என்று இங்கே எவரிடமும் நான் குறைப்படுவதில்லை. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபாவுக்குப் போனதையும், அந்தப் பணத்துக்கும் சிலிண்டர் கிடைக்காமல் வரிசையில் நின்றதையும், எங்கள் தெருவில் அப்பம் சுட்டு விற்ற அம்மா விறகுக்கு மாறிப் புகையில் இருமிக்கொண்டே அடுப்பை அணையாமல் வைத்திருந்ததையும் நேரில் பார்த்தவள் நான். இன்று ஓர் அப்பத்தின் விலைக்குள் அந்த நாட்களும் இருக்கின்றன. நம் யுபிஐ 2024 பிப்ரவரியில் இலங்கைக்கும் வந்தது, ஆனால் சின்னக் கடைகளுக்குச் சில்லறை நோட்டுகளோடுதான் போக வேண்டும்.

கடைசியாகக் காபி. தோசையும் இட்லியும் இங்கே கிடைக்கும், பழகியும் விடுவீர்கள். ஃபில்டர் காபியை மட்டும் தேடி அலையாதீர்கள். இந்தத் தீவின் மலைகள் ஒரு காலத்தில் கோப்பித் தோட்டங்களாகத்தான் இருந்தன. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அந்தச் செடிகளை அழித்த பிறகு தேயிலை வந்தது, அதில் வேலை செய்யத் தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நம் மக்களே வந்தார்கள். இன்று கடைகளில் கோப்பி என்று கேட்டால் உடனடித் தூளில் கலக்கியதே பெரும்பாலும் வரும். தேத்தண்ணி அப்படியன்று; இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீயை, அதாவது பால் சேர்க்காத தேநீரை, ஒரு கடி வெல்லத்தோடு குடித்துப் பாருங்கள், அதற்கு ஈடாக நம்மூரில் நான் எதையும் குடித்ததில்லை. ஆனாலும் ஞாயிறு காலை மனம் கேட்காது. உங்கள் பெட்டியில் இடமிருந்தால், ஒரு பித்தளை ஃபில்டரும் சிக்கரி கலந்த தூள் ஒரு கிலோவும் கொண்டுவாருங்கள். அரைக் கிலோவை நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு ஈடாக, எந்தத் தெருவில் எந்த நேரத்தில் இடியப்பம் பிழிகிறார்கள் என்பதை முதல் வாரம் நானே கூட வந்து காட்டுகிறேன்.