பால் காய்ச்சும் வீட்டுக்கு என்ன கொண்டுபோகலாம்?

கேள்வி: வருகிற ஆவணியில் என் நாத்தனார் கோவையில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார். குத்துவிளக்கு, சுவர்க்கடிகாரம், சாமி படமெல்லாம் மற்றவர்கள் கொடுத்துவிடுவார்கள். நான் நம் பக்கத்துச் சாப்பாட்டுப் பொருளாகக் கொடுக்க ஆசைப்படுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, உடன்குடிக் கருப்பட்டி, நன்னாரி சர்பத், தேன் நான்கும் சேர்ந்த ‘பாரம்பரியப் பரிசுப் பெட்டி’ ஒன்று ஆன்லைனில் 2,499 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா? விருந்துக்குப் பதநீர் கொண்டுபோனால் எப்படி? அந்த வீட்டில் நாத்தனாரின் மாமனாருக்குச் சர்க்கரை நோய். எட்டு மாதக் குழந்தையும் இருக்கிறது.
— வாசகி, மதுரை

பெட்டியை வாங்காதீர்கள் அம்மா. கருப்பட்டி கொடுங்கள். அதையும் காய்ச்சுகிற இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போய் வாங்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் போய் வாங்குங்கள்.

பால் காய்ச்சுகிற நாளில் அந்த வீடு எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். ஃபிரிட்ஜ் வந்திருக்காது. வந்திருந்தாலும் அட்டைப் பெட்டியில் இருக்கும். அலமாரிக்கு இன்னும் கதவு போட்டிருக்க மாட்டார்கள். விடிகாலையில் கணபதி ஹோமம், பால், பந்தி எல்லாம் முடிந்ததும் வந்த பரிசுகளை ஓர் அறையில் குவித்துப் பூட்டிவிட்டுப் பழைய வீட்டுக்குப் போய்விடுவார்கள். சாமான் ஏற்றிக் குடிவர பத்துப் பதினைந்து நாள்கூட ஆகும். அந்தப் பூட்டிய அறையில் உங்கள் பரிசு தாக்குப்பிடிக்குமா என்பதுதான் கேள்வியே.

எங்கள் அக்கா பாளையங்கோட்டையில் வீடு கட்டியபோது சொந்தக்காரர் ஒருவர் மூன்று கிலோ பால்கோவா கொண்டுவந்தார். ஆசையாகத்தான் கொண்டுவந்தார். ஆறாம் நாள் அறையைத் திறந்தபோது அட்டைப் பெட்டியின் அடியில் நெய் ஊறிக் கறையாகியிருந்தது. மூடியைத் திறந்தால் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை, புளித்த வாடை. பூஞ்சை பிடிக்காத நடுப்பகுதியைக் கிள்ளி வாயில் வைத்தால் எனாமல் பெயின்ட் மணம். நெய், பால் கொழுப்பு, எண்ணெய்ப் பலகாரம் எல்லாமே சுற்றியிருக்கும் வாடையை இழுத்துக்கொள்ளும். புது வீட்டில் கதவுக்கு அடித்த வார்னிஷ் மணம் போக வாரக்கணக்காகும். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தத் தேதியும் இல்லை.

உதிரியாக விற்கும் இனிப்புக்கும் ‘இந்தத் தேதிக்குள் சாப்பிடவும்’ என்று கடையில் எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த உத்தரவு. கோவா இனிப்புகளுக்கு நான்கு நாள் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்ன வழிகாட்டிக் கணக்கு. உங்கள் தெருவில் எத்தனை கடையில் அந்த அட்டை தொங்குகிறது என்று ஒரு நாள் பார்த்துவிட்டு வாருங்கள். உத்தரவு போடுவதோடு நம் அலுவலகங்களுக்கு வேலை முடிந்துவிடுகிறது. முப்பது வருஷம் உணவு ஆய்வகத்தில் இருந்தவன் வருத்தத்தோடு சொல்கிறேன்.

பால்கோவா மேல் ஆசை விடவில்லை என்றால் ஒன்று செய்யுங்கள். முதல் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே, அன்று கிண்டியதை, அரைக் கிலோவோ ஒரு கிலோவோ வாங்குங்கள். அதைப் பரிசாக நீட்ட வேண்டாம். சமையல்கட்டில் கொடுத்து, ‘இன்று பந்தியிலேயே வைத்துவிடுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள்.

சரி, அந்தப் பெட்டிக்கு வருகிறேன். இது மாதிரிப் பெட்டி விற்பவர்களில் பெரும்பாலோர் எதையும் காய்ச்சுவதும் இல்லை, கிண்டுவதும் இல்லை. நாலு ஊரிலிருந்து மூட்டையாக வாங்கி, சின்னச் சின்னதாகப் பிரித்து, சணல் பையில் போட்டு, பனைமரப் படம் அச்சடித்து அனுப்புகிறார்கள். லேபிளில் ‘பேக் செய்த தேதி’ இருக்கும். அது அவர்கள் பையில் அடைத்த தேதி. பொருள் அதற்கு முன் எத்தனை மாதம் கிடங்கில் கிடந்தது என்று அதிலிருந்து தெரியாது. 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதே என்பீர்கள். அந்த எண் 1-இல் தொடங்கினால் உரிமம், 2-இல் தொடங்கினால் சிறு வியாபாரிக்கான பதிவு. தொழில் நடத்த அனுமதி உண்டு என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. உள்ளே இருப்பது கருப்பட்டிதான் என்பதற்கு அது சாட்சி இல்லை.

புவிசார் குறியீட்டு முத்திரையும் அப்படித்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-லும், மணப்பாறை முறுக்குக்கும் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் 2023-லும் அந்த அங்கீகாரம் கிடைத்தது. எனக்கு அதில் நிரம்ப மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பெயரைப் போட்டு விற்கும் உரிமை, பதிவேட்டில் தம்மைப் பதிந்துகொண்ட உற்பத்தியாளருக்குத்தான். வேறு மாவட்டத்துக் கிடங்கில் உட்கார்ந்து ‘உடன்குடி’ என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறவரை யார் போய்க் கேட்கிறார்கள்? மரம் ஏறுகிறவர் சுண்ணாம்பு தடவாத கலயத்தோடு பிடிபட்டால் கள் இறக்கியதாக வழக்கு வருகிறது. சீனிப்பாகைக் கருப்பட்டி என்று விற்கிறவர் நிம்மதியாக இருக்கிறார். இதை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது.

கருப்பட்டியில் கலப்படம் ஏன் இத்தனை என்று புரிந்துகொண்டால் நீங்கள் ஏமாற மாட்டீர்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் எட்டு லிட்டர் பதநீர் வேண்டும். அதற்கு ஒருவர் காலையும் மாலையும் பனை ஏறி இறங்க வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கியதை அன்றே வடிகட்டி, விறகு எரித்து, மணிக்கணக்காகக் கிண்டி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்ற வேண்டும். சீனியோ கிலோ 50 ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஐந்து கிலோ பதநீர்ப் பாகில் பத்துக் கிலோ சீனியைக் கொட்டினால் பதினைந்து கிலோ ‘கருப்பட்டி’. பதநீரே இல்லாமல் கழிவுப்பாகையும் சீனியையும் சேர்த்து வார்ப்பவர்களும் உண்டு. ஆக, சீனி விலையைப்போல வெறும் மூன்று மடங்கு விலைக்கே கருப்பட்டி தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள்.

தண்ணீரில் போட்டுப் பார், தரையில் போட்டு உடைத்துப் பார் என்று செல்போனில் வலம் வரும் சோதனைகளை நம்ப வேண்டாம். கருப்பட்டியில் இயற்கையாக இருப்பதும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான், சீனியும் சுக்ரோஸ்தான். சாதாரணமாகச் சர்க்கரை அளவைப் பார்க்கும் சோதனையில் இரண்டையும் பிரிக்க முடியாது. கரும்பும் பனையும் காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு. அந்த வேறுபாட்டை அளக்கும் கருவி இருந்தால் உண்மை தெரியும். அந்த வசதி எல்லா ஆய்வகத்திலும் இல்லை. சட்டப்படி மாதிரி எடுத்தால் பகுப்பாய்வாளர் அறிக்கை தர 14 நாள். அதற்குள் சரக்கு விற்றுத் தீர்ந்திருக்கும்.

கண்ணுக்கும் நாக்குக்கும் தெரிகிற சில அடையாளங்கள் உண்டு. தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் சந்தேகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வட்டை உடைத்து உடைந்த முகத்தைப் பாருங்கள். நல்ல கருப்பட்டி மங்கிய பழுப்பாக, சற்றுக் கரடாக இருக்கும். சீனி கலந்தது வெயிலில் காட்டினால் பொடிப்பொடியாக மின்னும். நாக்கில் வைத்தால் இனிப்புக்குப் பின்னால் லேசான உப்பும், சுண்ணாம்பின் மெல்லிய கரிப்பும் வர வேண்டும். வெறும் இனிப்பு மட்டும் வந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

எங்கே வாங்குவது? மதுரையிலிருந்து உங்களுக்குத் தூத்துக்குடி மாவட்டம் தூரமில்லை. உடன்குடி, வேம்பார் பக்கம் காய்ச்சுகிற குடும்பங்களிடமோ பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கத்திலோ கேளுங்கள். அந்தப் பக்கத்துக்காரர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருப்பார். அவர் வழியாகப் போனால் இன்னும் நல்லது. உங்களுக்குக் காலமும் தோதாக அமைந்திருக்கிறது. தென்மாவட்டங்களில் பங்குனி தொடங்கி ஆடி வரை பதநீர் இறங்கும். ஆவணியில் நீங்கள் வாங்குவது அந்தப் பருவத்துக் கடைசிக் காய்ச்சலாக இருக்கும், மழையும் இன்னும் பிடித்திருக்காது.

அதே காரணத்தால் பதநீர் யோசனையைக் கைவிடுங்கள். ஆவணியில் பாட்டிலில் வரும் ‘பதநீர்’ எந்த மரத்திலிருந்து வந்தது என்று விற்பவரே சொல்ல முடியாது. பருவத்தில் கிடைத்தாலும் மரத்தடியில் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடிக்க வேண்டிய பானம் அது. மதுரையிலிருந்து கோவைக்கு ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போனால் பாட்டில் உப்பி, மூடி தானாகத் தெறிக்கும்.

நன்னாரி சர்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். லேபிளில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் எழுதப்பட்டிருக்கும். முதலில் சர்க்கரை, அடுத்து தண்ணீர், கடைசியில் மணமூட்டி, நிறமூட்டி என்று இருந்தால் அது சாயமும் வாசனையும் சேர்த்த சர்க்கரைப்பாகு. அதற்குப் பதில் நாட்டு மருந்துக் கடையில் நன்னாரி வேரே 200 கிராம் வாங்குங்கள். தட்டி, நடுவில் இருக்கும் கட்டைத் தண்டை எடுத்துப் போட்டுவிட்டு, மேல்தோலை மண்பானைத் தண்ணீரில் போட்டு வைத்தால் வீடே மணக்கும். மாகாளிக் கிழங்குக்கும் ஏறக்குறைய அதே மணம். அதனால் பொடியாக வாங்காதீர்கள், மெல்லிய வேராகப் பார்த்து வாங்குங்கள்.

சர்க்கரை நோய் உள்ள பெரியவருக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான். ‘சுகர்காரர் தாராளமாகச் சாப்பிடலாம்’ என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள், அங்கே போய் நீங்களும் அப்படிச் சொல்லிவிடாதீர்கள்.

தேனைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. தேனை எடுத்துப் போகவே போகாதீர்கள். மார்த்தாண்டம் தேன், மலைத்தேன், கலப்படமே இல்லாத தேன், எதுவாக இருந்தாலும் சரி. தேன் சுத்தமாக இருக்கிறதா என்பது இங்கே பேச்சே இல்லை. நல்ல தேனிலும் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்கள் வயிற்றில் அவை ஒன்றும் செய்யாமல் போய்விடும். ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சு சுரக்கும். முதலில் மலச்சிக்கல் வரும். பிறகு அழுகை மெலியும், பால் உறிஞ்ச முடியாது, தலை நிற்காமல் துவளும், மூச்சுத் தசைகளும் தளரலாம். அரிதாக வருவதுதான், ஆனால் வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போகும். தேனைக் காய்ச்சிக் கொடுத்தால் போதுமே என்பார்கள். வீட்டு அடுப்புச் சூட்டில் அந்த வித்துகள் சாகாது. விசேஷ வீட்டில் பத்துப் பேர் கையில் குழந்தை மாறும். அதில் ஒரு பாட்டி அன்போடு விரலைத் தேனில் தொட்டு நாக்கில் வைப்பார். ‘எங்கள் காலத்தில் பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டுச் சேனை வைக்கவில்லையா’ என்று கேட்பார். அவரோடு அன்றைக்கு வாதாட முடியாது. பாட்டிலே அங்கே இல்லாமல் இருப்பதுதான் வழி. மற்ற வீடுகளுக்குத் தேன் கொடுப்பது நல்ல பரிசு. இந்த வீட்டுக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாள் முடிந்த பிறகு கொடுங்கள்.

எப்படிக் கொடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சணல் பையும் அட்டைப் பெட்டியும் வேண்டாம். இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் சம்படம் ஒன்று வாங்குங்கள். உள்ளே இரண்டு கிலோ கருப்பட்டி. மேலே தனித்தனியாகச் சின்னப் பொட்டலங்களில் சுக்கு, மல்லி விதை, ஏலக்காய் வையுங்கள். குடிவந்த முதல் மழை நாளில் சுக்குமல்லிக் காபி போட எல்லாமே கையருகில் இருக்கும். பெயின்ட் வாடை ஏறாது, எறும்பு வராது. நன்னாரி வேரையும் ஒரு துணியில் முடிந்து அதிலேயே வைக்கலாம். பந்திக்குத் தனியாகக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கொஞ்சம் வாங்கிக்கொண்டால் பெரிய பிள்ளைகள் கையில் கொடுக்கலாம், அந்த எட்டு மாதக் குழந்தைக்கும் மற்றச் சின்னஞ்சிறுசுகளுக்கும் வேண்டாம். அந்தப் பெட்டியின் விலைக்குள்ளேயே இவ்வளவும் அடங்கிவிடும்.

சம்படத்துக்குள் ஒரு சீட்டு எழுதி வையுங்கள்: எந்த ஊரில் வாங்கியது, எந்த மாதம் காய்ச்சியது என்று. கீழே, ‘ஐப்பசியில் மழை பிடித்ததும் இது வியர்த்து ஈரமாகும், கெட்டுவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம், வெயில் வந்ததும் ஒரு மணி நேரம் துணியில் விரித்துக் காயவைத்து மறுபடி மூடவும்’ என்றும் எழுதுங்கள். கோவையில் பல வீடுகளில் இது தெரியாமல் நல்ல கருப்பட்டியைத் தூக்கிப் போடுகிறார்கள்.