ஓராண்டு கூடுதலாகப் படிக்கலாமா?

வணக்கம்.

நான் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சில மாதம் வகுப்பு, சில மாதம் நிறுவனத்தில் சம்பளத்தோடு வேலை என்று மாறி மாறிப் போகும் கோ-ஆப் முறையில் சேர்ந்தால் படிப்பு முடிய ஐந்து ஆண்டு ஆகும். விடுமுறையில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப் போதாதா? நிறுவனங்கள் குறைந்த சம்பளத்துக்கு ஆள் பிடிக்கத்தான் இதை நடத்துகின்றன என்கிறார் அப்பா.

எம்.

அன்புள்ள எம்.,

சேருங்கள். எந்த வேலை நமக்கு ஒத்துவரும் என்று பார்க்க இரண்டு மாதம் போதும், வேலை கற்கப் போதாது. இடமும் ஆட்களும் பழகுவதற்குள் முதல் மாதம் ஓடிவிடும்.

அதைவிட, பொறியியலில் செய்த தவறு தெரியவே நாளாகும். ஒரு பாகத்தை வரைகிறீர்கள். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா அளவுக்கும் 0.01 மில்லிமீட்டர் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு பிசகலாம் என்ற வரம்பு) போட்டுவிடுகிறீர்கள். திரையில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் அவ்வளவு துல்லியத்துக்காக, லேத்தில் கடைவதோடு முடிந்திருக்க வேண்டிய பாகம் கிரைண்டிங்குக்கும் போய், செலவு ஏறும். அப்புறம் அசெம்பிளியில் ஒருவர் உங்களைக் கூப்பிட்டு, "இந்த போல்ட்டை முடுக்க ஸ்பேனர் எந்தப் பக்கம் நுழையும், காட்டுங்கள்" என்பார். அந்தக் கேள்வி வரும் நாளில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். விடுமுறைக்கு வந்தவர் அதற்குள் கிளம்பியிருப்பார்.

1906இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் கோ-ஆப் முறையைத் தொடங்கியபோது, மாணவர்கள் ஒரு வாரம் வகுப்பு, ஒரு வாரம் தொழிற்சாலை என்று மாறி மாறிப் போனார்கள். இன்று கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் அது பெரும்பாலும் நான்கு மாதப் பருவங்களாக நடக்கிறது. இப்படிப் போய்த் திரும்புவதில்தான் பலன். உடைந்த ஷாஃப்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வந்தவர், ஃபெட்டீக் (திரும்பத் திரும்ப விசை பட்டு உலோகம் விரிசல் விடுவது) பாடத்தில் தூங்க மாட்டார்.

அப்பாவின் சந்தேகம் நியாயமானது. அப்படி நடத்தும் இடங்களும் உண்டு. சேருமுன் கேளுங்கள்: எனக்கு வேலை சொல்லித்தரப்போகும் பொறியாளர் யார்? போன முறை வந்த மாணவர் என்ன செய்தார்? சம்பளம் எவ்வளவு? இதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்துக்குப் போகாதீர்கள்.

ஒழுங்காக நடத்தும் நிறுவனத்துக்கு முதல் பருவத்தில் பெரிய லாபம் கிடையாது. மூத்த பொறியாளரின் நேரம் உங்களுக்குச் சொல்லித்தருவதிலேயே போகும். அதே மாணவர் மறுபடி வரும்போதுதான் அவர்களுக்குப் பலன். படிப்பு முடிந்து வேலைக்கு எடுக்கும்போது இன்னும் பெரிய பலன். அளவு தவறிவிட்டது என்று தானே வந்து சொல்பவரா, மறைப்பவரா என்பது ஒரு மணி நேர நேர்முகத்தில் தெரியாது. எட்டு மாதம் கூட இருந்தால் தெரிந்துவிடும்.

முடிந்தால் முதல் பருவத்தை உற்பத்திப் பிரிவில் கேட்டு வாங்குங்கள். டிசைன் இரண்டாவதாக வரட்டும்.