மாமாவின் பழைய யாஷிகா ஃபிலிம் கேமராவைச் சரிசெய்து மறுபடி பயன்படுத்த முடியுமா? செலவழிக்கத் தகுமா?

முடியும். தகுமா என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

யாஷிகா எலக்ட்ரோ 35, 70-களின் கடைசியில் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்தது, பல வருஷமாகத் தோல் உறையோடு பீரோவில் கிடந்தது, பட்டனை அழுத்தினால் சத்தம் மட்டும் வருகிறது, லென்ஸுக்குள் வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் செங்கோட்டைக்காரன். எங்கள் பக்கத்திலும் புளியரை தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரையிலும் வளைகுடாவுக்குப் போய்வந்த ஆள் இல்லாத தெரு கிடையாது. அவர்கள் கொண்டுவந்த கேமராக்களில் கணிசமானவை என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. உழைத்துத் தேய்ந்து கெட்டவை அதில் குறைவு. பத்திரமாக இருக்கட்டும் என்று பூட்டி வைத்ததால் கெட்டவைதான் அதிகம்.

முதல் வேலை, பின்கதவைத் திறக்காமல் இருப்பது. மேலே இடது ஓரத்தில் ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் சின்னக் கைப்பிடி இருக்கும். அதை அம்புக்குறி காட்டும் பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். சும்மா சுழன்றால் உள்ளே ஒன்றும் இல்லை. இறுக்கமாக இழுத்தால் மாமா எடுத்த ரோல் உள்ளே இருக்கிறது. அப்படியிருந்தால் அடியில் உள்ள பட்டனை அழுத்திக்கொண்டு முழுக்கச் சுற்றி எடுத்துவிட்டு, அதன் பிறகு திறங்கள். அத்தனை பழைய கலர் ரோலைக் கலராகக் கழுவினால் நிறம் வெளுத்துத்தான் வரும். கருப்பு வெள்ளையாகக் கழுவச் சொன்னால் ஆள் முகமாவது தெரிய வாய்ப்புண்டு. கோடாக்ரோம் என்று எழுதியிருந்தால் யோசிக்கவே வேண்டாம். அதைக் கலராகக் கழுவும் கடைசி லேபும் 2010 டிசம்பரோடு ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டது.

அடுத்தது அந்தத் தோல் உறை. ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கேமராவை அதற்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைக் குடித்துவைத்துக்கொள்ளும். ஜூன் தொடங்கினால் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வந்து எங்கள் ஊரில் துணி காய இரண்டு நாள் ஆகும். புனலூர் பக்கம் கேட்கவே வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 60, 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் கண்ணாடியின் மேல் ஃபங்கஸ் (பூஞ்சை) பிடிக்கும். லென்ஸ் பூச்சில் இருக்கும் தூசியும் கைரேகை எண்ணெயும் போதும், அதைத் தின்றே வளரும்.

நீங்கள் பார்த்த வெள்ளை, ஃபங்கஸா வெறும் புகைமூட்டமா என்று தெரிய ஒரு டார்ச் போதும். இருட்டறையில் லென்ஸின் பின்பக்கமிருந்து சாய்வாக ஒளி அடித்து முன்பக்கமிருந்து பாருங்கள். இந்த கேமராவில் லென்ஸ் கழலாது. படம் எடுக்கும்போது திறந்து மூடும் இதழ்களான ஷட்டரும் லென்ஸுக்கு நடுவில்தான் இருக்கிறது. அதனால் பின்கதவைத் திறந்து பின் கண்ணாடியைத் தனியாகவும் முன் கண்ணாடியைத் தனியாகவும் பார்க்க வேண்டியிருக்கும். கிளை கிளையாக, சிலந்தி நூல் மாதிரி பரவியிருந்தால் ஃபங்கஸ். சமமாக மங்கியிருந்தால், உள்ளே இருக்கும் கிரீஸ் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்தது. இந்தப் புகைமூட்டம் துடைத்தால் போய்விடும். ஃபங்கஸையும் மேலாகப் பிடித்திருந்தால் எடுத்துவிடலாம். மெடிக்கலில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் கொஞ்சம் அம்மோனியா கலந்து, பஞ்சில் நனைத்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு துடைக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிளீச்சிங் திரவம் எதுவும் அதன் பக்கத்தில் வரக்கூடாது, விஷவாயு கிளம்பும். பூச்சையே அரித்திருந்தால், துடைத்த பிறகும் அதே வடிவத்தில் தழும்பு நிற்கும். லேசான தழும்பு படத்தில் தெரியாது. சூரியன் எதிரே இருந்தால் மட்டும் கொஞ்சம் வெளுத்துக் காட்டும். அதற்காக கேமராவைத் தூக்கிப் போட வேண்டாம்.

“வெயிலில் காயவையுங்கள், போய்விடும்” என்று ஒரு வைத்தியம் சொல்வார்கள். வளர்ச்சி நிற்கலாம், கறை போகாது. அதோடு, சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸ் இளகி ஷட்டர் இதழ்களில் வழிந்து அவற்றை ஒட்டவைத்துவிடும். அப்புறம் ஒரு நோய்க்கு இரண்டு நோய்.

சரி, லென்ஸ் தேறும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கேமராவின் உயிர் பேட்டரியில் இருக்கிறது. இதில் லென்ஸில் ஒளி புகும் துளையின் அளவை நாம் வைக்கிறோம், ஷட்டர் வேகத்தை அதுவே முடிவு செய்கிறது. பேட்டரி இல்லாவிட்டால் எப்போதும் 1/500 விநாடியில்தான் அடிக்கும். நீங்கள் கேட்ட சத்தம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் காலத்து 5.6 வோல்ட் மெர்க்குரி பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. அதற்குப் பதில் 6 வோல்ட் 4எல்ஆர்44 போடலாம், இந்தக் கூடுதல் வோல்ட்டை கேமரா தாங்கும். அது கிடைக்காவிட்டால் வாட்ச் கடையில் எல்ஆர்44 பட்டன் பேட்டரி நான்கு வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காகிதத்தில் இறுகச் சுருட்டுங்கள். நீளம் போதாத இடத்துக்கு ஒரு ஸ்பிரிங். பேட்டரி அறையில் பச்சையாகப் பூத்திருந்தால் வினிகர் தொட்ட இயர்பட்ஸால் துடைத்து, காய்ந்த பின் ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) போட்டு இன்னொரு தடவை துடையுங்கள். ஐபிஏவை எந்த செல்போன் சர்வீஸ் கடையிலும் கேட்டால் கொடுப்பார்கள். மெடிக்கல் ஸ்பிரிட் இதற்கு வேண்டாம், தண்ணீர் சேர்ந்தது.

பேட்டரி போட்டதும் பின்னால் உள்ள சோதனைப் பட்டனை அழுத்துங்கள், விளக்கு எரிய வேண்டும். அப்புறம், முன்பக்கம் வியூஃபைண்டர் அருகில் ஒளியை அளக்கும் சின்னக் கண்ணை விரலால் மூடிக்கொண்டு ஷட்டரை அழுத்துங்கள். மஞ்சள் விளக்கு எரிந்து, ஷட்டர் திறந்தபடி நிற்க வேண்டும். விரலை எடுத்துவிட்டு டியூப்லைட்டைக் காட்டி அழுத்தினால் சட்டென்று மூட வேண்டும். இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

தெரியவில்லையா? அடுத்த படத்துக்குச் சுற்றும் நெம்புகோலை மெதுவாகத் தள்ளிக் காதைக் கொடுங்கள். நல்ல எலக்ட்ரோவில் நடுவே ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். வராவிட்டால் உள்ளே ஒரு மிளகளவு ரப்பர் துண்டு உதிர்ந்துபோயிருக்கிறது. இந்த மாடலின் தலையெழுத்து அது, உலகம் முழுக்க இதே புகார்தான். அந்த ரப்பர் போனால் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி வேகம் மாறாது. புதுத் துண்டுக்குச் செலவு ஒன்றுமில்லை, ஆனால் அங்கே போய்ச் சேர கேமராவை நிறையவே கழற்ற வேண்டும். ஸ்க்ரூவில் கை பழகாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. நீங்களே இறங்குவதானால் ஜப்பானிய அளவு ஸ்க்ரூடிரைவர் வாங்குங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் டிரைவர் இந்த ஸ்க்ரூக்களில் சரியாக உட்காராமல் வழுக்கி, தலையை மழித்துவிடும். கழற்றும் ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதுவே பென்டாக்ஸ் கே1000 போன்ற முழு மெக்கானிக்கல் கேமரா என்றால் நோய் வேறு. வேகமான 1/500, 1/1000 சரியாக இருப்பது போலத் தெரியும். 1/8, 1/4, 1 விநாடி என்று இறங்கினால் உறுமிக்கொண்டே பாதியில் நின்றுவிடும். மெதுவான வேகங்களைக் கட்டுப்படுத்தும் பல்சக்கரங்களில் பழைய எண்ணெய் பசையாகிவிட்டது என்று அர்த்தம். தென்காசி பஜாரில் நான் போகும் வாட்ச் கடை அண்ணாச்சி இதில் கெட்டிக்காரர். “எண்ணெய் போடணும்னு கொண்டு வாராங்க தம்பி. உள்ள காஞ்சு கெடக்குற எண்ணெய எடுக்கதுதான் வேலையே” என்பார். லைட்டரில் ஊற்றும் திரவத்தை ஊசி முனையில் தொட்டு, பல்சக்கரத்தில் ஒரு சொட்டு விட்டு, பத்துப் பதினைந்து தடவை ஷட்டரை ஓட விடுவார். கரைந்த அழுக்கை உறிஞ்சி எடுப்பார். மறுபடி ஒரு சொட்டு. கடைசியில் வாட்ச் எண்ணெயைச் சக்கர அச்சில் மட்டும் தொட்டு வைப்பார், வைத்தது கண்ணுக்கே தெரியாது. துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை கேமராவுக்குள் அடித்துக் கொண்டுவருபவர்களை அவர் திட்டும் திட்டை இங்கே எழுத முடியாது. தேங்காய் எண்ணெய் விட்டவர்களும் உண்டு, கேரளத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தால் அதுவும் நடக்கும்.

இனி எந்தப் பழைய கேமராவுக்கும் பொதுவான ஒரு வேலை: பின்கதவின் ஓரப் பள்ளத்தில் ஒளி புகாமலிருக்க வைத்த ஃபோம். இத்தனை வருஷத்தில் அது கருந்தாராக உருகியிருக்கும், தொட்டால் விரலில் ஒட்டும். ஐபிஏவும் பல்குத்தும் குச்சியும் வைத்துப் பொறுமையாகச் சுரண்டி எடுங்கள். துகள் ஷட்டர் பக்கம் விழாதபடி கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். குறுகிய பள்ளத்துக்குக் கருப்பு உல்லன் நூலை அழுத்தி வைத்தாலே போதும். கீல் பக்கத்துக்கு மட்டும் மெல்லிய கருப்பு ஃபோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடிந்துவிடும்.

சரிசெய்த பிறகு எங்கே வைப்பது? எல்லையின் இரு பக்கமும் பழைய ஸ்டூடியோக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கேமரா வைக்கும் கண்ணாடி அலமாரிக்குள் மழைக்காலம் முழுக்க ஒரு ஜீரோ வாட் பல்பை எரியவிடுவார்கள். அந்தச் சின்னச் சூட்டில் உள்ளே ஈரம் ஏறாது. புனலூரில் கடையை மூடிய ஒரு சேட்டனிடம் நான் என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் கருவி) வாங்கப் போனபோது அலமாரியில் அந்த பல்ப் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதற்குள் இருந்த லென்ஸ்களில் ஒரு புள்ளி ஃபங்கஸ் இல்லை. வீட்டில் இது முடியாவிட்டால் காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி. 40 முதல் 50 சதவீதம் காட்டினால் சரி. அரிசிப் பானையில் வைக்கிறேன் என்று கிளம்பாதீர்கள், அரிசி மாவு லென்ஸ் வளையத்துக்குள் போய்விடும். எல்லாவற்றையும்விட, மாதத்துக்கு ஒரு தடவையாவது வெளியே எடுத்து வெறுமனே ஷட்டரை அடித்து, ஃபோகஸ் வளையத்தை இரண்டு பக்கமும் சுற்றிவிட்டு வையுங்கள்.

ஃபிலிம் விஷயம். சாரல் காலத்தில் இந்தப் பக்கம் 400 ஐஎஸ்ஓ ஃபிலிம் போடுங்கள் (ஐஎஸ்ஓ என்பது ஃபிலிம் ஒளியை எவ்வளவு உணரும் என்ற எண்). ஒளி அளக்கும் மீட்டர் மேல் சந்தேகம் இருந்தால் நல்ல வெயிலில் துளை எஃப்16, வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில் (400 ஃபிலிம் என்றால் 1/500) என்ற பழைய கணக்கு கைகொடுக்கும். ஆனால் எலக்ட்ரோவில் வேகத்தை நீங்கள் வைக்க முடியாது, அதனால் அந்தக் கணக்கு மெக்கானிக்கல் கேமராவுக்குத்தான் பயன்படும். மேகம் மூடினால் எஃப்8, எஃப்5.6. தென்மலைக் காட்டு ரோட்டில் மரத்தடி இருட்டு கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகம். அங்கே 400 ஃபிலிமிலும் எஃப்2.8, 1/30 வரை இறங்க வேண்டியிருக்கும். கலர் நெகட்டிவ் வெளிச்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது. சந்தேகம் வந்தால் ஒரு படி கூட்டியே விடுங்கள்.

கலர் ரோலை எங்கள் ஊர்களில் கழுவ இப்போது ஆளில்லை. சென்னைக்கோ பெங்களூருக்கோ கூரியரில் போகும். கருப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம்: இருட்டுப் பை, டேங்க், படத்தைத் தோற்றுவிக்கும் டி-76 மருந்து, அதை நிலைக்கவைக்கும் ஹைப்போ. இல்ஃபோர்டு எச்பி5 கருப்பு வெள்ளை ஃபிலிமுக்கு டி-76-ல் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். ஏப்ரல் மாதம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 30 டிகிரிக்குக் குறையாது. ஐஸ் கட்டியைப் பாலித்தீன் பையில் போட்டு, மருந்து பாட்டில் நிற்கும் வாளியில் மிதக்கவிட்டு இறக்க வேண்டும். 20 வரை இறங்காவிட்டால் 24-ல் நிறுத்தி நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். 5 நிமிடத்துக்குக் கீழே போனால் மட்டும் திட்டுத் திட்டாக வரும். கடைசி அலசலுக்கு பேட்டரிக் கடை டிஸ்டில்ட் வாட்டர். எங்கள் குழாய்த் தண்ணீரில் அலசினால் நெகட்டிவில் உப்புப் புள்ளி நிற்கும்.

தகுமா என்ற கேள்விக்கு வருவோம். ரோல், கழுவும் கூலி, ஸ்கேன், கூரியர் எல்லாம் சேர்த்தால் கலரில் ஒரு படத்துக்கு 40, 50 ரூபாய் ஆகிறது. போனில் எடுப்பதோடு ஒப்பிட்டால் எந்தக் கணக்கிலும் கட்டாது. மாமாவின் கேமரா என்பதால் லென்ஸ் தேறினால் சரிசெய்யுங்கள். சர்க்யூட்டே போயிருந்தால் அதன்மேல் பணம் போடாதீர்கள். அலமாரியில் வைத்துவிட்டு, படம் எடுக்க ஒரு மெக்கானிக்கல் கேமரா வாங்குங்கள். வாங்கும்போது ‘வொர்க்கிங்’ என்று விற்பவர் சொல்வதை நம்பாமல், பின்கதவைத் திறந்து எல்லா வேகத்தையும் அடிக்கச் சொல்லி வீடியோ கேளுங்கள்.

முதல் ரோலைக் கல்யாண வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயலோ கழுதுருட்டியில் பதிமூணு வளைவுள்ள கண்ணறை ரயில் பாலமோ, நாளைக்கும் அதே இடத்தில் நிற்கும் எதையாவது எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் எந்த விளக்கு எரிந்தது, துளை என்ன என்று குறித்துவையுங்கள். நெகட்டிவும் ஸ்கேனும் வந்ததும் பாருங்கள்: ஸ்கேனில் ஓரத்திலிருந்து ஆரஞ்சுக் கோடு உள்ளே வந்திருந்தால் ஃபோம் சரியாக உட்காரவில்லை. படங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் சுற்றும் பகுதியில் கோளாறு. வெயில் படமெல்லாம் சரியாக இருந்து நிழல் படமெல்லாம் நெகட்டிவில் ஒன்றும் பதியாமல் வெறுமையாகத் தெரிந்தால், ஷட்டர் இன்னும் 1/500-லேயே நிற்கிறது. பேட்டரித் தொடுப்பை இன்னொரு தடவை துடைத்துவிட்டு, அந்த ‘டொக்’ சத்தத்தைத் தேடுங்கள்.