பால் நோட்டுக்கு ஒரு எடிட்டர்

கேள்வி: அண்ணாச்சி, நான் பொறியியல் கடைசி வருஷம். புரொஜெக்‌ஷனல் எடிட்டர் ஒன்று செய்து காட்ட வேண்டும். அதைச் செய்ய உதவும் ஜெட்பிரெயின்ஸ் எம்.பி.எஸ். மென்பொருளை இறக்கி வைத்திருக்கிறேன். உதாரணமாக ஒரு குட்டி சி மொழி செய்யலாமா? எங்கே தொடங்குவது?
- வாசகர், தக்கலை

பதில்: சி மொழியை விடுங்கள் தம்பி, 'இஃப்' தாண்டுவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். நான் முதலில் எடுத்தது எங்கள் வீட்டு ரப்பர் பால் நோட்டு. குலசேகரம் பக்கம்தான் வீடு. அப்பா தினமும் எழுதுவது மூன்றே விஷயம்: தேதி, பால் எத்தனை கிலோ, டி.ஆர்.சி. (பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்பது) எத்தனை. 12 கிலோ பால், டி.ஆர்.சி. 35 என்றால் உலர் ரப்பர் 4.2 கிலோ. மொழி அவ்வளவுதான்.

இந்த எடிட்டரில் பார்சர், அதாவது தட்டிய எழுத்தைப் படித்து நிரல் மரமாக்கும் பகுதி, கிடையாது. தட்டும்போதே நிரல் மரத்தின் கணுவை நேராகத் திருத்துகிறீர்கள். திரையில் தெரிவது அந்த மரத்தின் ஒரு தோற்றம். புது புராஜெக்ட் போடும்போது மொழியோடு சாண்ட்பாக்ஸ் சொல்யூஷனையும் (அந்த மொழியில் எழுதிப் பார்க்கும் இடம்) சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரக்சரில் இரண்டு கான்செப்ட் (கணுவின் வகை) போதும்: நோட்டு, அதன் பிள்ளையாக வெட்டு (ஒரு நாள் பால் வெட்டிய கணக்கு). பிள்ளைகளின் எண்ணிக்கை 0..என், அதாவது எத்தனை வேண்டுமானாலும். கான்செப்ட் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து, ஏலியஸில் (எழுதும்போது காட்டும் மாற்றுப்பெயர்) தமிழ் கொடுங்கள். கிலோவும் டி.ஆர்.சி.யும் இன்டீஜர் (முழு எண்). (அப்பா அரைக் கிலோவைக் கணக்கில் எடுப்பதில்லை, நல்லவேளை.) அப்புறம் ஒவ்வொரு கான்செப்டுக்கும் எடிட்டர், அதாவது திரையில் அது எப்படித் தெரிய வேண்டும் என்ற அமைப்பு: 'பால்' என்று மாறாத சொல்லுக்கு ஒரு செல் (கட்டம்), பக்கத்தில் கிலோவுக்கான செல், பிறகு 'கிலோ'. மொழியை ரீபில்ட் செய்துவிட்டு சாண்ட்பாக்ஸைத் திறங்கள்.

இங்கேதான் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். புதிதாக நோட்டு போடலாம் என்று பார்த்தால் மெனுவில் அது வரவே இல்லை. மூன்று தடவை ரீபில்ட் செய்தேன், மென்பொருளையே அழித்து மறுபடி நிறுவினேன். கடைசியில் பார்த்தால், நோட்டு கான்செப்டில் 'இன்ஸ்டன்ஸ் கேன் பி ரூட்' (மரத்தின் உச்சிக் கணுவாக இருக்கலாமா) என்ற வரி ஃபால்ஸாகவே கிடந்தது. அதை ட்ரூ ஆக்கி ரீபில்ட் செய்ததும் மெனுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சரி, அடுத்து நடந்ததைக் கேளுங்கள். அப்பாவை உட்காரவைத்து எழுதச் சொன்னேன். கிலோ இடத்தில் 'மழை, வெட்டில்லை' என்று தட்டினார், செல் சிவந்துவிட்டது. "நோட்டு இப்படிச் சிவக்காதே" என்றார். அன்றைக்கு நோட்டின் பிள்ளையாக 'பதிவு' என்று ஒரு அப்ஸ்ட்ராக்ட் கான்செப்ட் (நேராக எழுத முடியாத பொது வகை) போட்டு, அதன் கீழே வெட்டு, மழை இரண்டையும் வைத்தேன். இப்போது காலி வரியில் கண்ட்ரோலும் ஸ்பேஸும் அழுத்தினால் இரண்டு பெயரும் பட்டியலாக வரும். உங்கள் எடிட்டரையும் இந்த இடம் வரை கொண்டுவந்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.