வாசகர் கேள்வி–பதில்: நடக்கும்போது கழற்று, உட்காரும்போது போடு

செம்பனைத் தோட்டத்தில் உரிமத்தோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போய்ப் பழகியவன் நான். ஜூனில் மகனோடு நியூசிலாந்துத் தென் தீவில் தார் (tahr) என்ற காட்டாட்டு வேட்டைக்குப் போகிறேன். வாத்துத் தூவி (மெல்லிறகு) அடைத்த ஜாக்கெட் வாங்குவதா, செயற்கைப் பஞ்சு அடைத்ததா? எவ்வளவு கனம்?
— வாசகர், சுங்கை சிப்புட்

நீங்கள் தேடிப் போகும் தார் நமக்குத் தூரத்துச் சொந்தம். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டுக்கு இமயமலைப் பங்காளி அது. 1904-இல் நியூசிலாந்தில் கொண்டுபோய் விட்டார்கள், பெருகிவிட்டது. தமிழ்நாட்டில் வரையாடு பாதுகாக்கப்படும் விலங்கு, நியூசிலாந்தில் தாரை வேட்டையாடிக் குறைக்கிறார்கள். தாரும் வரையாட்டைப் போலவே பாறைச் சரிவில்தான் இருக்கும், பெரும்பாலும் மரம் முடியும் உயரத்துக்கு மேல்.

உங்கள் ஜாக்கெட்டை முடிவு செய்வது அந்தச் சரிவுதான். மூட்டையோடு இரண்டு மணி நேரம் ஏறுவீர்கள், முதுகு நனையும். பிறகு தொலைநோக்கியை வைத்துக்கொண்டு அசையாமல் இரண்டு மணி நேரம் உட்காருவீர்கள். குளிர் பிடிப்பது அப்போதுதான். ஜூன் அங்கே குளிர்காலம். 1,000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். பள்ளத்தாக்கில் 4 பாகை என்றால் மேலே உறைநிலைக்குக் கீழே போய்விடும், காற்று வேறு.

நம்மைச் சூடாக வைப்பது பஞ்சு அல்ல, பஞ்சு பிடித்து வைத்திருக்கும் காற்று. ஒரே எடையில் வாத்துத் தூவி அதிகக் காற்றைப் பிடிக்கும், சின்னதாகச் சுருங்கும். ஆனால் நனைந்தால் கட்டியாகி உட்கார்ந்துவிடும், மலையில் அதைக் காயவைக்க வழியில்லை. பாலியெஸ்டர் இழை தண்ணீரை உறிஞ்சுவது அதன் எடையில் 1 சதவீதம்கூட இல்லை. பிழிந்து உதறினால் ஓரளவு மீண்டும் எழும்பும். ‘நனைந்தாலும் அதே சூடு’ என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம், சூடு குறையத்தான் செய்யும். வியர்வை, பனி, மழை மூன்றும் சேரும் இடத்தில் பஞ்சுதான் பாதுகாப்பு. வறண்ட உறைகுளிரில் கூடாரத்துக்குள் போட மட்டும் என்றால் தூவியைச் சொல்லியிருப்போம்.

கனத்தைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். 60 கிராம் என்றால் நடப்பதும் நிற்பதுமாகப் போகும் வேட்டைக்கு. 100 முதல் 133 வரை உட்கார்ந்திருக்க. உங்களுக்கு 100-க்குக் குறையாமல், தலைமூடியோடு இருக்கட்டும். நடுத்தர அளவில் மொத்தம் 400 முதல் 550 கிராம் எடைக்குள் கிடைக்கும். மார்பில் 100, கையில் 60 என்றிருந்தால் ஏமாற்று என்று நினைக்காதீர்கள். கை மடங்க வேண்டுமே, அதற்காக அப்படித் தைப்பதுதான்.

பஞ்சிலும் இரு வகை உண்டு. பிரைமாலாஃப்ட் போன்றவற்றில் பல வகைகள் குட்டை இழை: மெத்தென்று இருக்கும், நன்றாகச் சுருங்கும். 1980-களில் அமெரிக்க ராணுவத்துக்காகத் தூவிக்கு மாற்றாக உருவானது அது. கிளைமாஷீல்ட் போன்றவை நெடுக ஓடும் இழை: கொஞ்சம் முரடு, ஆனால் பஞ்சு நகராது, தையல் குறைவாகப் போதும். தையல் குறைவது பெரிய லாபம். மேல்துணியையும் உள்துணியையும் சேர்த்துத் தைத்த ஒவ்வொரு கோட்டிலும் பஞ்சு நசுங்கிக் கிடக்கும், ஊசித் துளை வழியே காற்றும் தண்ணீரும் வரும்.

சட்டைமேல் இந்த ஒரு ஜாக்கெட் போதாதா? எதற்கு இத்தனை அடுக்கு?
— வாசகர், பஹாவ்

போதாது. தடிமனாக ஒன்றைப் போட்டால் ஏறும்போது வெந்துபோவீர்கள், கழற்றினால் நடுங்குவீர்கள்.

உடம்போடு ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் பனியன். பருத்திப் பனியனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்பிலேயே ஒட்டிக் கிடந்து சூட்டை உறிஞ்சும். அதன்மேல் மெல்லிய ஃபிலீஸ், அதாவது கம்பளிபோல் மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை. ஏறும்போது இவ்வளவுதான். பஞ்சு ஜாக்கெட்டும் மழைக்கோட்டும் மூட்டையில், கைக்கு எட்டும் இடத்தில்.

வெயில் ஊரிலிருந்து போகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. குளிருக்குப் பயந்து காரிலிருந்து இறங்கும்போதே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நடப்பது. முதல் பத்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள்.

நின்றதும், குளிர் தெரியும்வரை காத்திருக்காமல், எல்லாவற்றுக்கும் மேலே ஜாக்கெட்டைப் போடுங்கள். உள்ளே ஈரமாக இருந்தாலும் கழற்ற வேண்டாம், உடம்புச் சூட்டிலேயே மெல்ல உலரும். ஃபிலீஸுக்கு மேல் போடுவதால் ஒரு அளவு பெரிதாக வாங்கலாம். மழைக்கோட்டும் அதற்கேற்ப அகலமாக வேண்டும். இறுக்கமான மழைக்கோட்டு பஞ்சை நசுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டால், 100 கிராம் பஞ்சுக்குக் கொடுத்த காசு வீண்.

மேல்துணி, நிறம் எதைப் பார்க்க வேண்டும்?
— வாசகர், குளுவாங்

சத்தத்தைப் பாருங்கள். 10, 20 டெனியர் (நூலின் கனத்தைச் சொல்லும் அளவு) நைலான் எடை குறைவு, ஆனால் கையசைத்தால் சரசரக்கும், முள்ளில் கிழியும். கடையிலேயே கையை மார்பில் தேய்த்துப் பாருங்கள். உட்காரும் இடத்தில் மட்டும் போடுவதென்றால் மெல்லியது போதும். புதருக்குள் நுழைவதென்றால் கனமான, மென்மயிர் போன்ற மேல்துணி வேண்டும். எதுவானாலும் தீப்பொறி பட்டால் ஓட்டைதான்.

மான், ஆட்டு இனங்களுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் மங்கலாகத் தெரியும், நீலம் நன்றாகத் தெரியும். நீல ஜாக்கெட் வேண்டாம். உடன் வருபவர் உங்களைப் பார்க்க ஆரஞ்சு தொப்பி நல்லது.

வாங்குமுன் ஒரு சோதனை. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, துடைப்பக் கட்டையைத் துப்பாக்கிபோல் தோளில் ஏற்றி இறக்குங்கள். அக்குள் மடிப்பில் சிக்குகிறதா, கையை உயர்த்தும்போது இடுப்பு வெளியே தெரிகிறதா? தடித்த தோள் துப்பாக்கியைச் சற்று முன்னே தள்ளும், கண்ணுக்கும் குறிநோக்கிக்கும் உள்ள தூரம் மாறிவிடும்.

பழைய துணி விற்கும் பண்டல் கடையில் 35 வெள்ளிக்கு நல்ல ஜாக்கெட் தொங்குகிறது. வாங்கலாமா?
— வாசகர், சுங்கை சிப்புட்

வாங்கலாம், பார்த்து வாங்கினால். முதலில் தோளையும் மார்பையும் விரலால் கிள்ளி ஒப்பிடுங்கள். மூட்டைவார் அழுத்திய தோளில் பஞ்சு செத்திருக்கும். தூவி துவைத்தால் ஓரளவு உயிர் பெறும், நசுங்கிய பஞ்சு பெறாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பஞ்சு நகர்ந்த இடம் பளிச்சென்று தெரியும். உட்புறம் பிசுபிசுத்தால் அல்லது வெள்ளைத் துகள் உதிர்ந்தால் திருப்பி மாட்டிவிடுங்கள். அது பாலியூரித்தேன் பூச்சு ஈரக்காற்றில் சிதைவது. அலமாரியில் கிடந்த சப்பாத்து அடி ஒருநாள் பொடிப்பொடியாக உதிருமே, அதே கதை. ஜிப்பை ஐந்தாறு முறை ஏற்றி இறக்குங்கள். ஓட்டிக்குப் பின்னால் பல் திறந்தால் ஓட்டி தேய்ந்துவிட்டது. குறட்டால் அழுத்தினால் கொஞ்ச நாள் ஓடும், மலைக்கு நம்பிப் போக முடியாது. கொரிய ஜாக்கெட்டின் அட்டையில் 100 என்றிருந்தால் மார்பளவு சென்டிமீட்டரில், பஞ்சின் கனமல்ல. ஒரு கிலோவுக்கு மேல் கனத்தால் அது ஊர்சுற்றும் ஜாக்கெட்.

துவைப்பதும் வைப்பதும் எப்படி?
— வாசகர், குவாலா கெட்டில்

30 பாகைத் தண்ணீர், கொஞ்சம் மென்மையான சோப்புநீர், இருமுறை அலசல். துணி மென்மையாக்கி கூடாது, தண்ணீர் ஒட்டாத தன்மையைக் கெடுக்கும். நடுவில் தண்டு சுழலும் பழைய இயந்திரத்தில் பஞ்சு கிழியும், முன்பக்கம் திறப்பதில் போடுங்கள். டோபி கடையில் உலர்த்தினால் குறைந்த சூடுதான். அதிகச் சூட்டில் நைலான் சுருங்கும். காய்ந்தபின் இன்னும் சில நிமிடம் அதே சூட்டில் ஓடவிட்டால் தண்ணீர் மீண்டும் முத்துப்போல் உருளும்.

பையில் திணித்து மாதக்கணக்கில் வைக்காதீர்கள். தொங்கவிட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் பக்கத்தில் போடுங்கள்.

நியூசிலாந்து போகிறவர்களுக்கு இன்னொன்று. தோட்டத்து மண் ஒட்டிய சப்பாத்து, பயன்படுத்திய ஜாக்கெட், மூட்டை எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து, பயணிகள் அறிவிப்புப் படிவத்தில் அறிவித்துவிடுங்கள். அறிவிக்காமல் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விழலாம். சப்பாத்து அடியின் பள்ளங்களைப் பழைய பல்துலக்கியால் சுரண்டுங்கள், மண் அங்கேதான் ஒளிந்திருக்கும்.