தை மாதத்தில் செய்ய வேண்டிய வேலை

கேள்வி: கோடை தொடங்கினாலே மேற்குத் தொடர்ச்சி மலை பற்றி எரிகிறது. தீ வைக்கும் ஆதிவாசிகளைக் காட்டிலிருந்து வெளியேற்றிவிட்டு, மாவட்டத்துக்கு ஒரு ஹெலிகாப்டரை நிறுத்திவைத்தால் காட்டுத்தீயை ஒழித்துவிடலாம் அல்லவா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ஒழிக்க முடியாது. நீங்கள் சொல்லும் முதல் யோசனை அநியாயமும்கூட.

ஹெலிகாப்டரை முதலில் பார்த்துவிடுவோம். 2024 மார்ச்சில் குன்னூர் காட்டில் தீ பரவியபோது விமானப்படை ஹெலிகாப்டர் பலமுறை பறந்து கொட்டிய தண்ணீர் சுமார் 16,000 லிட்டர். இரண்டு தண்ணீர் லாரிகளில் அடங்கிவிடும். ஆள் ஏற முடியாத சரிவுக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மூண்டபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். மலையேறச் சென்றவர்களில், சிகிச்சை பலனின்றி இறந்தவர்களையும் சேர்த்து, 23 பேரைப் பறிகொடுத்தோம். காய்ந்த புல் சரிவில் காற்றோடு மேலேறும் தீ மனிதனைவிட வேகமாக ஓடும். முதலில் ஓடிப்போய்க் காயம்பட்டவர்களைத் தூக்கியவர்கள் அந்த மலையோரத்து மக்களே.

இன்று காட்டில் தீ மூண்டால் செயற்கைக்கோள் பார்த்துவிடுகிறது. வனத்துறையினரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. அதன் பிறகு? யாரோ ஒருவர் நடந்துதான் போக வேண்டும். பச்சைக் குழையை ஒடித்துத் தீயை அடித்து அணைக்கும் அந்த மனிதர், பெரும்பாலும் கோடைக்கு மட்டும் தினக்கூலிக்கு எடுக்கப்பட்ட தீத்தடுப்புக் காவலர். அவர் பெரும்பாலும் ஆதிவாசி. நீங்கள் வெளியேற்றச் சொல்வது அவரைத்தான்.

‘தீ வைப்பதே அவர்கள்தானே’ என்பீர்கள். நம் காடுகளில் பெரும்பாலான தீ மனிதர் கையால் வருவது உண்மை. அணைக்காமல் வீசிய பீடி, தோட்டக் கழிவுக்கு வைத்த தீ, சாலையோரச் சமையல், புதுப்புல்லுக்காக மேய்ச்சல்காரர் வைப்பது எனப் பல கைகள் அதில் உண்டு. எல்லாவற்றையும் ஒரு சமூகத்தின் தலையில் கட்டுவது எந்த வகை நியாயம்?

சத்தியமங்கலத்தை ஒட்டி, கர்நாடகத்தில் இருக்கும் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் என்ற ஆதிவாசிகள் ‘தரகு பெங்கி’ என்று ஒரு தீ வைத்துவந்தார்கள். பெங்கி என்றால் தீ, தரகு என்றால் சருகு. சொல்லே தமிழோடு உறவு சொல்கிறது. கோடை முற்றுவதற்கு முன், நிலத்தில் ஈரம் மிச்சமிருக்கும்போது வைக்கும் சிறு தீ. சருகை மட்டும் தின்று தணிந்துவிடும். நெல்லி மரத்தில் ஏறும் ஒட்டுண்ணிச் செடியையும் அது மட்டுப்படுத்தும் என்பது அவர்கள் அனுபவம். 1974இல் அந்த மலை சரணாலயமானது. சருகுத் தீ குற்றமானது. இன்று அங்கே வெளிநாட்டிலிருந்து வந்த உண்ணிச்செடி (லண்டானா) மண்டிக் கிடக்கிறது. 1997இல் ஆய்வாளர்கள் பார்த்த இடங்களில் ஐந்தில் இரண்டு பங்கில் இருந்த அந்தச் செடி, 2008இல் ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிட்டது. தீயை நிறுத்தியதால்தான் அது பரவியது என்கிறார்கள் சோளகர்கள். வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் தரையில் தவழ வேண்டிய தீ, காய்ந்த உண்ணிப்புதரை ஏணியாக்கி மரத்தில் ஏறுகிறது என்பதில் சந்தேகமில்லை.

உடனே எல்லா இடத்திலும் சருகுக்குத் தீ வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. உயர்ந்த மலைப் பள்ளங்களில் என்றும் பசுமையாக நிற்கும் சோலைக்காடு தீயைத் தாங்காது. உண்ணி மண்டிய இடத்தில் முதலில் வேரோடு பிடுங்க வேண்டும். இல்லையென்றால் சிறு தீயும் பெருந்தீயாகும். எங்கே வைக்கலாம், எங்கே கூடாது, எந்தக் காற்றில் கூடாது என்று அறிந்த மனிதர்கள் இன்னும் மலையில் இருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டைக் காக்கும் உரிமையைக் கிராம சபைக்கே தந்திருக்கிறது. அவர்களை உட்காரவைத்துக் கேட்காமல் தீட்டும் எந்தத் தீத்தடுப்புத் திட்டத்தின் மீதும் எனக்கு நம்பிக்கை இல்லை.

மார்ச்சில் தீயைப் பார்த்து நாம் பதறுகிறோம். வேலை இருப்பதோ மார்கழியிலும் தையிலும். உங்கள் மாவட்டத்திலேயே காடு உண்டு. வரும் தை மாதம் வன அலுவலகத்துக்குப் போய், தீ தாண்டாதபடி வெறுமையாக விடும் தீத்தடுப்புக் கோடுகளை வெட்டிச் சருகை அகற்றியாயிற்றா, காவலர்களுக்குக் கூலி பாக்கியில்லாமல் போய்ச் சேர்ந்ததா, காலுக்குச் செருப்பைவிட உறுதியான எதையாவது கொடுத்தார்களா என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலை எங்களுக்கு எழுதுங்கள், வெளியிடுகிறோம்.